பதினேழாவது புள்ளி

இறுதியாண்டு ஆய்வென்று
மற்றவர்கள் ட்ரோன் விட்டார்கள், பேசும் ஊன்றுகோல் செய்தார்கள்.
எனக்கும் ஹஃபிஸுக்கும் வாய்த்தது
நான்கு இரும்புக் கம்பி, ஒரு சுத்தியல்,
உடைத்தால் உன் தலையில் என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த மீட்டர்.

பீடோரிலிருந்து உள்ளே பதினோரு கிலோமீட்டர், செம்மண் ரோடு.
போன ஏப்ரலில் இடி இறங்கி
பம்பு வீட்டு மோட்டார் மூன்றும் கருகிப்போன தோட்டம்.
இறங்குகிற மின்சாரத்தை இந்த மண்
எவ்வளவு தாராளமாய் வாங்கிக்கொள்ளும்?
அளந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆய்வு.
மானேஜர் சிரித்துக்கொண்டே அனுமதி தந்தார்:
"ரிப்போர்ட் ஒரு காப்பி எனக்கு வேணும்."

கம்பி அடிக்க மர்சூக்கியை அனுப்பினார்கள்.
லொம்போக்காரர். செம்பனைக்கு உரம் போடுகிறவர்,
மூட்டைக் கணக்கில் சம்பளம்.
இஞ்சினியர் என்று அவர் கூப்பிட்டதும்
யாரையென்று ஹஃபிஸ் திரும்பிப் பார்த்தான்.

ஒரே கோட்டில் நான்கு கம்பி, சம தூரம்.
வெளிக்கம்பி இரண்டில் மின்சாரம் விடு,
உள்கம்பி இரண்டிடம் கேள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
கொசு. காலில் முள். நானூற்று முப்பது.
பதினாறு புள்ளி வரை அட்டை கடித்ததைத் தவிர
எழுத ஒன்றுமில்லை.

பதினேழாவதுக்கு வந்ததும் மர்சூக்கி சுத்தியலைத் தோளில் சாய்த்தார்.
"இங்கே கல்லு. வேற இடம் போவோம்."
கட்டம் போட்ட படம் என் கையில்;
கட்டம் யாருக்காகவும் நகராது.
அடித்தார்.
முதல் அடியிலேயே வெண்ணெயில் கத்தி போல இறங்கியது கம்பி.
மீட்டர் காட்டியது: நாற்பத்தாறு.

மீட்டரைத் தட்டினோம். பேட்டரி மாற்றினோம்.
நாற்பத்தாறு.
மர்சூக்கி தண்ணீர் குடிக்கப் போனவர்
வெகுநேரம் குடித்தார்.

கணினியில் பதினாறு புள்ளிகள் மேட்டில் மேய,
ஒன்று மட்டும் கிணற்றுக்குள் கிடந்தது.
டாக்டர் ரொஸ்லீனா கண்ணாடியைக் கழற்றினார்:
"காரணம் சொல். சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடு.
அநாதையாய் நிற்க விடாதே."

அடுத்த சனிக்கிழமை
சங்கோலை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியாய்ப் போனேன்.
மட்டை நாலைந்தை இழுத்துப் போட்டு
முழங்கை ஆழம் வெட்டியதும்
பிளாஸ்டிக் தட்டுப்பட்டது.
ஒன்பது மூட்டை எண்ணினேன்.
கரைந்ததுபோக மிச்சம் நீல மணிகள்,
ஈரத்தில் உப்பு. மின்சாரத்துக்கு அது
சுங்கச்சாவடியில்லாத நெடுஞ்சாலை.

மூட்டை காலியானால்தான் நாள் கணக்கு நேராகும்.
மரம் மரமாய் நடந்தால் ஆறு மணியாகும்,
குழியென்றால் பத்து நிமிஷம்.
இதே ஊரில், இதே கணக்கில்தான்
அம்மா எனக்கு டியூஷன் கட்டினார்.
எத்தனை மூட்டை மரத்துக்குப் போனதென்று
நான் கேட்டதில்லை.

எண்ணை அழிக்கவில்லை. அது மட்டும் என்னால் முடியாது.
நாற்பத்தாறு, அட்டவணை நான்கில், எல்லோரோடும் நிற்கிறது.
காரணம் என்ற இடத்தில்
மூன்று இரவு கர்சர் துடித்தது.
பிறகு எழுதினேன்:
'அவ்விடத்து அதிக ஈரப்பதம்.'
பொய்யில்லை. ஈரமும் இருந்தது.

நேர்காணலில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர்
பேனாவால் அந்தப் புள்ளியைத் தொட்டார்.
"எர்த் கம்பி இறக்க இதைவிட நல்ல இடம் ஏது?"
எல்லோரும் சிரித்தார்கள்.
ஹஃபிஸும் சிரித்தான். அவனுக்குத் தெரியாது.
டாக்டர் ரொஸ்லீனா சிரிக்கவில்லை,
கேட்கவுமில்லை.
ஏ மைனஸ்.

மானேஜர் காப்பியைக் கொடுக்கப் போன அன்று
ஆபிஸ் வாசலில் மர்சூக்கி,
புது மூட்டைகளை லோரியிலிருந்து இறக்கிக்கொண்டு.
அட்டையிலிருந்த பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்தார்.
"அந்த இடத்துக்கு என்ன எழுதினே, இஞ்சினியர்?"

"மழை" என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார்.
பன்னிரண்டு நாளாய் ஒரு துளி விழாத வானம்.