ஈயத்தில் ஒரு வீரன்

வெளியே முகமூடித் திருவிழா.
வெனிஸ் முழுக்கக் குடித்துக்கொண்டிருக்க
நான், பொர்தொலோ,
ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில்
ஒரு குதிரைவீரனைக் கோத்துக்கொண்டிருக்கிறேன்,
எழுத்தெழுத்தாய், தலைகீழாய்.

அவன் பெயர் நிதானம்.
கேடயத்தில் கடிவாளம் வரைந்திருக்கும்.
பொன் தட்டில் அத்திப்பழம் நீட்டுவாள் ஒருத்தி;
எட்டடிக்கு ஒருமுறை
குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.
பசிக்காது. தலைக்கவசத்துக்குள் வியர்க்காது.
கவிஞர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்,
பிரபுவின் மாளிகையில்
வேளைக்கு இரண்டு கறியோடு உட்கார்ந்து.

மூன்றாம் காண்டத்தின் நடுவில்
பெரிய 'வி' தீர்ந்துபோயிற்று.
எங்கள் மொழியில் 'விர்த்தூ' என்றால் அறம்.
'விட்ஸியோ' என்றால் பாவம்.
'வீனோ' என்றால் என்னவென்று
என் மூச்சை மோந்தாலே தெரியும்.
மூன்றுக்கும் ஒரே எழுத்து,
பெட்டியில் ஒரே அறை.

பக்கத்து மேசை ஜுவானே
மதுவரி அறிவிப்பைக் கோத்துவைத்துவிட்டுக்
கூத்துப் பார்க்கப் போயிருந்தான்.
அதிலிருந்து நான்கைப் பிடுங்கினேன்.
வரி பொக்கைவாயாய் இளித்தது.
வீரன் நிமிர்ந்தான்.

விடிகாலையில் அச்சேறிற்று. அறுநூறு படி.
கவிஞர் வந்தார், ஆட்டுத்தோல் கையுறையோடு.
"என் வீரன்மேல் கறை ஏதும்?"
"இல்லை, ஐயா."
ஒரு 'வி'க்கு இடக்கை முனை உடைந்திருந்ததைச்
சொல்லவில்லை.

பிறகு காரநீரில் கழுவினோம்.
கட்டை அவிழ்த்ததும் சரிந்தான்.
கடிவாளம், கேடயம், குதிரையின் நான்கு கால்,
எல்லாம் கைப்பிடி ஈயம்.
சோளம் விதைப்பதுபோல்
அறை அறையாய் வீசினேன்.

அடுத்த பக்கம் அரக்கியின் குகை.
ஈயம் அதேதான். வேறு வாங்கக் காசில்லை
முதலாளியம்மா ஓர்சொலாவிடம்.
அவன் முழங்காலாய் இருந்தது அவள் பல்லாயிற்று.
அவன் வாள் கிடந்த இடத்தில்
அவள் நாக்கு நீண்டது.
பாவத்தின் தலையெழுத்தாய்
அந்த உடைந்த 'வி' வந்து நின்றது,
ஒரு கை குறைய.

உருக்குச் சட்டியில் போடவேண்டியது.
போடாமல்
விரல் நுனியில் உருட்டிக்கொண்டே இருந்தேன்
இருட்டும்வரை.
வாசலில் ஜுவானே, பறவைமூக்கு முகமூடியோடு:
"டேய், என் மதுவில் நாலு எழுத்தைக் காணோம்!"

மனசுக்குள் எட்டடி எண்ணினேன்.
எண்ணி முடித்து,
மெழுகுவத்தியை ஊதிவிட்டு
அவனோடு போனேன்.
இடுப்புப் பையிலிருந்து
குத்திக்கொண்டே வந்தது
அது.