மூன்றாம் நாள்

புதுச் சுற்றறிக்கை வந்த திங்கட்கிழமை
கர்ப்பப்பை நீக்கம்
ஐந்து நாளிலிருந்து மூன்று நாளானது.
கணினியில் நான்காம் நாளுக்குக் கட்டமே இல்லை.

நாகலூர் காப்பித் தோட்டத்துச் சடைச்சி
காப்பீட்டு அட்டையை முந்தானையில் முடிந்தபடி கேட்டாள்:
"மிச்சம் ரெண்டு நாளு யாருக்குங்க?"
சேமிப்பு என்றேன். அரசாங்கத்துக்கு.
"எங்க வெச்சிருக்காங்க?"
கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஐந்து ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.
அடிவாரம் தாண்டினால்
இருபது கொண்டை ஊசி.
ஒவ்வொன்றிலும் தையலைத் துண்டால் அழுத்திக்கொள்ளச் சொன்னேன்.
அந்த யோசனைக்குக் கட்டணக் குறியீடு கிடையாது.

சாயங்காலம் அவள் கோப்பை மூடினேன்.
ஏழாவது வளைவில் இருப்பாள் இந்நேரம்.
திரையில் ஒப்புதல் வந்துவிட்டது,
பச்சை எழுத்தில்:
குறைபாடு ஏதுமில்லை.