இரண்டு தீ

மதியம் இரண்டரைக்கு அறிவிப்பு.
பெயரை வாசிக்கும் முன் இயக்குநர் தொண்டையைச் செருமினார்.
அந்தச் செருமலிலேயே தெரிந்துவிட்டது.
என் பெயருக்குச் செரும வேண்டியதில்லை.
நீவெஸ். மூன்றே எழுத்து.

பொனெத்தி எழுந்து நின்றான்.
எல்லோரும் கைதட்டினோம்.
நான் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன் போல,
ஜன்னலோரத்து லோரெதானா திரும்பிப் பார்த்தாள்.

பிறகு இயக்குநர் என் மேஜைக்கு வந்தார்.
“உன் இடத்தில் வேறு யாரை உட்கார வைப்பேன், நீயே சொல்?”
பதினாறு வருடமாய்
அதைப் பாராட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

ட்ரியெஸ்தே துறைமுகத்தில் இறங்கும் காப்பி மூட்டைகள்,
சாந்தோஸிலிருந்து, மொம்பாசாவிலிருந்து,
எடைச்சீட்டில் ஒரு சுழியம் கூடியிருந்தாலும்
என் கண்ணைத் தாண்டிக் கிடங்குக்குள் போகாது.
போன மார்ச்சில் பொனெத்தி
ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டு
முந்நூறு டன்னை மூவாயிரம் ஆக்கியிருந்தான்.
இரவு பதினொன்றுக்குத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாமோ என்று
இன்றுதான் முதல் தடவையாக

விடுங்கள்.

வெள்ளிக்கிழமை கேக் வெட்ட வேண்டும்.
வசூல் உறை எப்போதும் என் இழுப்பறையில்தான்:
பிறந்தநாளுக்கு, பிரசவத்துக்கு, மலர்வளையத்துக்கு.
தலைக்கு ஐந்து யூரோ.
என் பங்கையும் போட்டு
என் பெயருக்கு எதிரே நானே ஒரு டிக் அடித்துக்கொண்டேன்.

வெளியே போரா.
மலையிலிருந்து கடலை நோக்கி விழுந்தடித்து ஓடும் காற்று.
தபால்காரர் ஒருவர் விளக்குக்கம்பத்தைக்
கட்டிக்கொண்டு நின்றார், தொலைந்த சிநேகிதன் கிடைத்தாற்போல.
நான் நடந்தேன்.
சாய்ந்தே நடந்து பழகிய உடம்பு இது,
காற்று சட்டென்று நின்றால்தான் தடுமாறும்.

கடைப்பெண் கிரீம் கூம்பைக் கையில் பிடித்தபடி கேட்டாள்:
“என்ன பெயர்?”
பொனெத்தி.
“‘தீ’ ஒன்றா, இரண்டா?”

ஒன்று என்று சொல்லியிருக்கலாம்.
ஓர் எழுத்துக் குறைந்ததற்கு
கேக்கின் மீது யார் வழக்குப் போடப் போகிறார்கள்?
ஒரே ஒரு எழுத்து. சாப்பிட்டதும் காணாமல் போய்விடும்.
நாக்கு நுனி வரைக்கும் வந்தது அந்த ஒன்று.

“இரண்டு” என்றேன்.

எழுதி முடித்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.
“இரண்டாவது கொஞ்சம் கோணியிருக்கிறது.”

முகம் சுளிக்காமல் கத்தி நுனியால் வழித்தெடுத்து
மறுபடி எழுதினாள்.
வழித்ததை என்ன செய்வதென்று தெரியாமல்
என்னிடமே நீட்டினாள்.

தின்றேன்.
இனிப்பு சரியாகத்தான் இருந்தது.