வியாழக்கிழமை பன்னிரண்டு மணி

மேட்டூரை மூடினால்தான் எனக்கு லீவு.
ஜனவரி இருபத்தெட்டு தாண்டி
பிப்ரவரியில் ஒரு பத்து நாள்,
அதுவும் தூர்வாரும் எஸ்டிமேட்
மேஜைக்கு வந்து சேராதவரை.

பிப்ரவரியில் எவன் கடலில் இறங்குவான்
என்கிறான் இளஞ்சேரன்.
லேப்டாப்பில் வலென்சியாவின் கடற்கரை
யாருடைய ஜூலையிலோ காய்ந்துகொண்டிருக்கிறது.
நாம் போகும்போது தண்ணீர் பதினாலு டிகிரியாம்.
கால் நனைக்கத்தானே,
வேளாங்கண்ணி பஸ்ஸில் போய்விட்டு வந்துவிடலாம் என்றேன்.
அரைமணி நேரம் பேசவில்லை.

திங்கட்கிழமை மாட்ரிட்டில் அவனுக்கு ட்ரெயினிங்.
அவன் டிக்கெட் கம்பெனி போடுவது,
என்னுடையது சீட்டு எடுத்த பணம்.
அதற்கு முன்னால் கிடைக்கிற மூன்று நாளை
நீடாமங்கலம் குவார்ட்டர்ஸில்
தோசைமாவு சிந்திய மேஜைமேல் விரித்திருக்கிறோம்.
வெள்ளி, கடற்கரை, மணலை ஒட்டிய கடையில் நண்டுச் சோறு.
சனி, டால்பின் (அவனுக்கு).
ஞாயிறு, ‘சும்மா நடப்போம்’ என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறான்.

தடையில்லாச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தேன்.
“மூணே நாளுக்கா மேடம்?” என்றார் ஹெட்கிளார்க் வைரக்கண்ணு,
“காசிக்கே நாங்க பன்னெண்டு நாள் போனோம்.”
ஆறு மாத வங்கிக் கணக்கு,
காது தெரிகிற போட்டோ,
திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணி,
மூன்று தலைப்பின் சாவியும் என் பொறுப்பில் என்று
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அந்த ஊருக்கும் ஓர் ஆறு இருந்திருக்கிறது.
ஐம்பத்தேழில் வெள்ளம் வந்து ஊரை முக்கியெடுக்க,
ஆற்றைத் தூக்கித் தெற்கே போட்டுவிட்டார்கள்.
பழைய படுகையில் புல், ஆரஞ்சு மரம்,
உடம்பு இளைக்க ஓடுகிறவர்கள்.
மேலே பாலங்கள், வேலையில்லாமல்.
பாமணியும் மே மாதத்தில் இப்படித்தான்,
கிரிக்கெட் ஸ்டம்ப் முதற்கொண்டு என்றேன்.
“அங்கே போயும் மதகு எண்ணப்போகிறாய்.”

எண்ணத்தான் செய்தேன்.
ராத்திரி ஒரு மணிக்கு,
அவன் குறட்டைக்குப் பக்கத்தில், போனில்:
வியாழன்தோறும் பகல் பன்னிரண்டுக்கு
பெரிய கோயில் வாசலில்
கறுப்பு அங்கி மாட்டிய எட்டு விவசாயிகள்
வட்டமாக வந்து உட்காருகிறார்கள்.
வாய்க்காலுக்கு ஒருவர்.
யார் தண்ணீரை யார் திருப்பினார் என்று
வாயாலேயே கேட்டு அங்கேயே தீர்ப்பு.
வக்கீல் கிடையாது. அப்பீல் கிடையாது.
ஆயிரம் வருஷமாக என்று சொல்லிக்கொள்கிறார்கள்.
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

விடிவதற்குள் லஸ்கர் அந்தோணிசாமி போன்:
“மேடம், கடைமடைக்காரங்க டிராக்டரோட நிக்கிறாங்க,
ஏழாம் நம்பர் ஷட்டரை
அரையடி எறக்குனது யாருன்னு கேக்குறாங்க.”
அந்த ஷட்டருக்கு என்னிடம் ஒரு ஃபைல் உண்டு.
நான் வேலையில் சேருமுன்பே பிறந்தது.
மூன்று நாடா கட்டியும் பிதுங்கும்.

புதன் ராத்திரியே போய்ச் சேரவேண்டும் என்றேன்.
அறையோடு சேர்த்து இருபத்தியிரண்டாயிரம் கூட, என்றான்.
பிறகு அவனும் தேடிப் படித்தான்.
நிமிர்ந்தபோது முகத்தில் ஜெயித்த களை.
“பல வாரம் வழக்கே வராதாம்.
வாய்க்கால் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்களாம்,
ஆள் வராவிட்டால் எழுந்து போய்விடுவார்களாம்.
அஞ்சு நிமிஷம்.
யாரும் வராததைப் பார்க்கவா
இருபத்தியிரண்டாயிரம்?”

ஆமாம் என்றேன்.
கூப்பிட்டும் யாரும் வராததை.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
தாளில் வெள்ளிக்கு இடப்பக்கம் இடமில்லை.
ஓரத்தில் நெட்டுக்குத்தாக எழுதினான்:
வியாழன், 12 மணி, கோயில் வாசல்.
அதன் கீழே பொடி எழுத்தில்,
12.05, கடல்.