ரெண்டு நிமிஷம்

ஐஸ் கம்பெனிச் சந்தின் அகலம் ஒன்பதடி.
அதில் ஆறடியை எடுத்துக்கொண்டு
ஒரு வெள்ளைக் கார் நிழலில் நிற்கிறது.
மிச்சத்தில் நாய் போகலாம்.
சைக்கிளை விட்டு இறங்கினால் ஆள் போகலாம்.
பதினாலு பார் ஏற்றிய என் குட்டியானை போகாது.

பத்தடி தாண்டினால் வலை காயப்போடும் திடல்,
நாலு லாரி நிற்கும் இடம்,
காலியாகக் கிடக்கிறது.
ஆனால் அங்கே வெயில்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போட்டேன்.
சாமிபாட்டு முழுசாக ஓடி முடிந்தது.
மறுபடி போட்டேன்.
"மீன் வெட்டிக்கிட்டிருக்காங்க தம்பி,
ரெண்டு நிமிஷம்."

கடலூர் முதுநகரில் ரெண்டு நிமிஷம் எவ்வளவு என்று
என்னைக் கேளுங்கள்.
கடிகாரம் பார்க்காமல் சொல்வேன்.
பாரின் விளிம்பு கையைக் கிழிக்காத அளவுக்கு மழுங்கினால் ஒன்று.
பின்கதவில் சொட்டும் தண்ணீர்
உமியையும் இழுத்துக்கொண்டு சாக்கடையைத் தொட்டுவிட்டால் இரண்டு.
அதற்கப்புறம் எண்ணுவதில்லை.
ஐம்பது கிலோ என்று பில் போட்டாயிற்று,
நாற்பத்தாறாக இறக்கினால்
மிச்ச நாலு கிலோவை யார் வாயில் தேடுவது?

பின்னால் மூன்று பைக், ஒரு ஷேர் ஆட்டோ.
அவர்கள் ஹாரன் அடிப்பது என்னைப் பார்த்துத்தான்.
இன்ஜின் ஓடுகிறவனைத்தான் திட்ட முடியும்.
அணைந்து கிடக்கும் கார்
தூங்குகிற குழந்தை மாதிரி,
எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

உள்ளே ஆள் இருப்பதை அப்புறம்தான் பார்த்தேன்.
இடப்பக்க இருக்கையில் ஒரு பெண்,
கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு.
கழுத்தில் வியர்வை. ஜன்னல் நாலு விரல் திறந்திருந்தது.
"சாவி அவர்கிட்ட."
"ஓட்டத் தெரியுமாம்மா?"
விசிறுவதை நிறுத்தினாள்.
"லைசென்ஸ் இருக்கு."
ஏழு வருஷமாக இருக்கிறதாம். பர்சில்.

அதற்குள் அஞ்சலாட்சி வந்து
சங்கராக் கூடையை என் பானெட்டில் இறக்கினாள்.
"சாவி எதுக்கு?
எங்க படகை மணல்ல தள்றப்ப
எவன் சாவி போட்டான்?"

அந்தப் பெண் சேலையை முழங்கால் வரை திரட்டி
கியரைத் தாண்டி டிரைவர் இருக்கைக்கு மாறினாள்.
நியூட்ரல். ஹேண்ட் பிரேக்கைக் கீழே.
"ஸ்டியரிங் பூட்டிக்கிட்டா?" என்றேன்.
"நேரா போனா போதும்ல" என்றாள்,
யாரிடம் சொன்னாளோ.

ஐந்து பெண்கள், பத்து உள்ளங்கை,
வெள்ளை டிக்கியெல்லாம் செதில்.
சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தது,
அதற்கே அந்த யோசனை வந்ததுபோல.
திடலின் நடுவில் அவளே பிரேக்கை மிதித்தாள்.
முழு வெயில்.
இறங்கவில்லை.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி
முன்னால் காயும் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் கடக்கும்போது ஹாரனை ஒருமுறை அழுத்தினாள்.
சும்மாதான்.

ஜெட்டியில் லாஞ்சோரம் ஒட்டி நிறுத்தி
கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன்.
பையில் போன். அவர்தான்.
கை நிறைய ஐஸ், எடுக்க வழியில்லை,
வழியிருந்தாலும் எடுத்திருப்பேனா தெரியாது.
நின்று, திரும்ப அடித்து, நின்றது.

"யாருதுடா இந்த வண்டி,
ஏலத் தராசுக்குப் போற வழியில?"
தள்ளுவண்டி நிறைய மத்தியோடு தேசம்மா.
திரும்பிப் பார்த்தேன்.
என்னுடையது.

"ரெண்டு நிமிஷம்க்கா."
நான் சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது.

அவள் ஒன்றும் பேசவில்லை.
தள்ளுவண்டியின் சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
என் குட்டியானையின் பின்பக்கம் போனாள்.