டிரைவர் கிடைக்கவில்லை

பிப்ரவரி. வட ஐஸ்லாந்து.
ஒன்பது மணிக்கும் விடியாத பள்ளத்தாக்கு.
தோர்கில்ஸின் கொட்டிலில்
முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகள்
வயிற்றில் கணக்கை வைத்துக்கொண்டு நிற்கின்றன.

அந்தக் கணக்கைப் படிக்கிறவள் நான்.
தொடையிடுக்கில் கருவியை அழுத்தினால்
ஆன்டெனா ஆடிய டிவிபோல் புள்ளியடிக்கும் திரையில்
விரல்நீள முதுகெலும்பு ஒன்று மிதந்து வரும்.
ஒரு குட்டி என்றால் பச்சை,
மூன்று என்றால் சிவப்பு,
இரண்டுக்குச் சாயம் இல்லை, அதுதான் வழக்கம்.
வெறும் வயிற்றுக்கு நீலம்.
நீலத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று
நானும் தோர்கில்ஸும் பேசிக்கொள்வதில்லை.

நேற்றிரவு நான் தூங்கினேன்,
லேப்டாப் தூங்கவில்லை.
ஒரு வார்த்தை கேட்காமல்
தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் திறந்தால் கடற்கரைப் படம்,
தென்னை மரம் வேறு,
"எல்லாம் தயார்" என்ற வாழ்த்து.
பொத்தான்களின் மூலையெல்லாம் உருண்டையாகியிருந்தது.
பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

கொட்டிலில் கருவியைச் செருகினேன்.
டிங் என்றது.
நம்பிவிட்டேன்.
பிறகுதான் அந்த வரி:
இந்தச் சாதனத்துக்கு டிரைவர் கிடைக்கவில்லை.

நாற்பது கிலோமீட்டர் பனியில்
இரண்டு முறை சறுக்கி
ஒருமுறை பள்ளத்தில் இறங்கி
யாரோ ஒருவரின் டிராக்டர் இழுத்துவிட
வண்டி ஓட்டி வந்தவள் நான்.
டிரைவர் கிடைக்கவில்லையாம்.

கழற்றிச் செருகினேன்.
வேறு துளையில் செருகினேன்.
ஊதிவிட்டுச் செருகினேன்.
அணைத்துப் போட்டு, கும்பிடாத குறையாகக் காத்திருந்தேன்.
டென்மார்க்குக்குப் போன் போட்டால் ஒரு பையன்,
"அந்த மாடலுக்கு ஆதரவு நிறுத்தியாயிற்று" என்றான்.
எப்போது?
"போன வருஷம்."
போன வருஷம்தானே ஏழாயிரம் வயிறு பார்த்தது?
"அது பழைய சிஸ்டத்தில்" என்றான்,
துக்கவீட்டுக் குரலில்.

கருவிக்காரன் சிஸ்டக்காரனைக் கேள் என்கிறான்,
சிஸ்டக்காரன் கருவிக்காரனைக் கேள் என்கிறான்.
சாமி வரம் கொடுத்தாயிற்று,
பூசாரிதான்
வேலையை விட்டுப் போய்விட்டான்.

இதற்கிடையில் நூற்றுப் பதினான்காம் எண் ஆடு
என் சட்டைக்கையை மென்று முடித்திருந்தது.
ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்
கப்பலில் வந்திறங்கிய இனம்.
அதே கம்பளி, அதே நான்கு கால்,
இந்த மண்ணின் எந்தப் புல்லோடும் இன்றுவரை பொருந்துகிறது.
பொறாமையாக இருந்தது.

தோர்கில்ஸ் ஒன்றும் பேசாமல் போய்
தீவன அறையிலிருந்து
ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தான்.
விசைப்பலகைக்குள் வைக்கோல்.
இணையத்தையே பார்த்திராத பெட்டி;
அதனாலேயே
அதைத் திருத்த யாரும் வரவில்லை.
என் கருவிப்பையின் அடியில்
உறை பிரிக்காத சிடி ஒன்று கிடந்தது.
அந்தப் பெட்டிக்கு அதை விழுங்க வாயும் இருந்தது.
இருமியது, முனகியது, பதினொரு நிமிஷம் யோசித்தது.

முதுகெலும்பு வந்தது!

மாலை ஆறு மணிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தன.
மூலையில் தேதி மட்டும் 2009 ஜனவரி ஒன்று,
உள்ளே பேட்டரி செத்துவிட்டதாம்.
மே மாதம் பிறக்கப்போகிற குட்டிகளெல்லாம்
என்றோ போன வருஷத்தில் பதிவாகிவிட்டன.
இருக்கட்டும்.
நூற்றுப் பதினான்குக்கு மூன்று. சிவப்பு.

சாமான்களை ஏற்றும்போதுதான் பார்த்தேன்:
காலையிலிருந்து வைக்கோல் கட்டின்மேல்
மூடிக் கிடந்த என் லேப்டாப்பின் முதுகில்
ஒரு சாண் நீளத்துக்கு
நீலம்.

கை தவறிவிட்டது என்றான் தோர்கில்ஸ்,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.