இடது படத்தில் நால்வர்

பழையபேட்டை சுக்கூர் பாய் கடையில்
கிலோ பதினாலு ரூபாய்க்குப் போகவிருந்த கட்டு.
கல்யாணப் பத்திரிகை, மிக்சி வாரண்டி, நடுவில்
ஓரம் கரையான் தின்ற இந்த அட்டை.
இருநூறு என்றார்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஐந்நூறு ஆக்கினார்.

என்னிடம் இது முப்பத்தொன்று.
எல்லாமே சுரங்க ஊர்கள்.
பனியில் மரவீடுகள் புதைந்த, வாயில் நுழையாப் பெயருள்ள ஊர்.
வெள்ளிக்காகப் பிறந்து, வெள்ளி தீர்ந்ததும்
கதவு சாத்தாமல் எழுந்து போன ஊர்.
கழுதைகள் மட்டும் கேமராவைப் பார்க்கும் ஊர்.
கோலார் தங்கவயல் இதுதான் முதல்.
இங்கே வேப்பனப்பள்ளியிலிருந்து எட்டும் தூரம்;
எந்த பங்களா அலமாரிகளைச் சுற்றி வந்ததோ.

எனக்கு எடைமேடையில் இரவு வேலை.
கருங்கல் பாளம் ஏற்றிய லாரி வந்து நிற்கும்.
மொத்த எடையில் வெறும் வண்டியைக் கழித்தால் கல்.
வண்டி வராத இரண்டு மணிக்கு
டிராயரிலிருந்து ஸ்டீரியோஸ்கோப்பை எடுப்பேன்.

"ரெண்டும் ஒரே படந்தானே,
ஒண்ண வித்துட்டா என்ன?" என்பாள் முனிரத்னா.
ஒரே படமில்லை.
இரு கண்களுக்கு நடுவே இரண்டரை அங்குலம்,
அந்த வித்தியாசத்தில்தான் குழி ஆழமாகிறது,
இரும்புச் சக்கரம் வானத்தைவிட்டு முன்னே வருகிறது.

ஆனால் இதில்
இடது படத்தில் நால்வர்.
வலதில் மூவர்.
ஒற்றைக் கண் கேமரா போலும்;
ஒன்று எடுத்து, கொஞ்சம் நகர்த்தி, மற்றொன்று.
அதற்குள் முண்டாசுக்காரன் போய்விட்டான்.
அசையாதே என்று துரை சொன்னது
அவனுக்குப் புரியாமலிருக்கலாம்.
புரிந்தும் இருக்கலாம்.

இரு கண்ணாலும் பார்த்தால் துடிக்கிறான்:
இருக்கிறான், இல்லை, இருக்கிறான்.
அவன் நெஞ்சின் வழியே பின்னாலிருக்கும் தகரக் கொட்டகை தெரிகிறது.
அட்டையின் பின்புறம் 'மூன்று கூலிகள்' என்று ஆங்கில அச்சு.
மூன்றை அடித்து நான்கு என்று
பென்சிலால் எழுதியிருக்கிறது ஒரு கை.
எனக்கு முன்னால் யாரோ
வலது கண்ணை மூடிப் பார்த்திருக்கிறார்கள்.

ஹாரன்.
பர்கூர் வண்டி. மேடையேறி நின்றது.
நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்று எண்பது.
கிளீனர் பையன் இன்னும் உள்ளேயே தூங்குகிறான்.
இறங்கச் சொன்னேன்.
கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, இருட்டுக்குள்
ஒன்றுக்குப் போனான்.

திரையில்
அறுபது கிலோ குறைந்தது.